பார்செக், ஒளியாண்டு, வானியல் அலகு: மாற்றும் முறையும் சறுக்கும் இடங்களும்

திருவாதிரை நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் 168 பார்செக் என்றிருக்கும். இன்னோரிடத்தில் 548 ஒளியாண்டு. வேறோரிடத்தில் 724 ஒளியாண்டு. முதல் இரண்டும் ஒரே தூரம்தான், அலகு மட்டும் வேறு. மூன்றாவது, வேறொரு குழு வேறு முறையில் அளந்தது. எந்த வித்தியாசம் அலகால் வந்தது, எது அளவீட்டால் வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அலகு மாற்றக் கணக்கின் முழுப் பயனும் அதில்தான். கணக்கு என்று பார்த்தால் ஒரு பெருக்கலுக்கு மேல் இல்லை.

தொடங்கும் முன் எண்களின் பெயர்களைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் வரும் வானியல் செய்திகளில் பாதிப் பிழை இங்கேதான் நுழைகிறது. ஒரு மில்லியன் 10 லட்சம். ஒரு பில்லியன் 100 கோடி. ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. பில்லியனைக் கோடி என்று எழுதிவிட்டால் தூரம் நூறில் ஒரு பங்காகிவிடும். பட்ஜெட் செய்திகளில் அடிபடும் லட்சம் கோடி நமக்கு இங்கே நன்றாகவே கைகொடுக்கிறது. ஒரு ஒளியாண்டு 9.46 லட்சம் கோடி கி.மீ.; ஒரு பார்செக் 30.86 லட்சம் கோடி கி.மீ. பூஜ்யங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

மூன்று அலகுகள் எங்கிருந்து வந்தன

வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரத்தைச் சார்ந்து பிறந்தது. 2012-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதை அளவீட்டிலிருந்து விடுவித்து, 1,49,59,78,70,700 மீட்டர் என்று நிலையாக வரையறுத்துவிட்டது. கையில் வைத்துக்கொள்ள 14.96 கோடி கி.மீ. போதும். சூரியக் குடும்பத்துக்குள் இதைவிட வசதியான அலகு இல்லை. நெப்டியூன் 30 வானியல் அலகு தொலைவில் சுற்றுகிறது என்றால் உடனே புரிகிறது. 450 கோடி கி.மீ. என்றால் மனதில் நிற்பதில்லை.

ஒளியாண்டு, ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம். இதைக் காலமாக எண்ணிக் குழப்பிக்கொள்பவர்கள் பலர், அதனால் சொல்லிவிடுவது நல்லது: இது தூரம்தான். ஒளியின் வேகம் நொடிக்குச் சரியாக 29,97,92,458 மீட்டர். ஆண்டு என்பது 365.25 நாள், அதாவது 3,15,57,600 நொடி. இரண்டையும் பெருக்கினால் 94,60,73,04,72,580.8 கி.மீ. சிலர் 365 நாள் வைத்துப் போடுவார்கள், விடை 0.07 சதவீதம் குறையும். வேகத்தை 3 லட்சம் கி.மீ. என்று முழுதாக்கினாலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கூடும். நட்சத்திரத் தூரங்களில் பெரும்பாலானவை அவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்டதில்லை என்பதால் இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

ஒரு ஒளியாண்டில் 63,241 வானியல் அலகு அடங்கும். இது எவ்வளவு பெரிய விகிதம் என்பதைப் பிடிக்க ஒரு நல்ல தற்செயல் உதவுகிறது. ஒரு மைலில் 63,360 அங்குலம் உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒன்று, வித்தியாசம் 0.2 சதவீதம்தான். ஆகவே பூமிக்கும் சூரியனுக்கும் இடையே ஓர் அங்குலம் என்று வைத்தால் ஒரு ஒளியாண்டு ஒரு மைல். அந்த அளவுக்கோலில் நெப்டியூன் இரண்டரை அடி தள்ளி இருக்கும். நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி நாலேகால் மைல் தள்ளி இருக்கும்.

பார்செக், அதாவது பள்ளிப் பாடத்தில் வரும் விண்ணியல் ஆரம், கோணத்திலிருந்து வந்தது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வானியலாளர்கள் ஒளியாண்டை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றும்போது, அருகிலுள்ள நட்சத்திரம் பின்னணியிலுள்ள தொலைதூர நட்சத்திரங்களுக்கு எதிரே சற்று இடம் மாறித் தெரியும். இந்த இடமாறு தோற்றத்தை வைத்து ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை நம்பும்படியாக முதன்முதலில் அறிவித்தவர் ஜெர்மன் வானியலாளர் பெசல். ஆண்டு 1838, நட்சத்திரம் 61 சிக்னி. கோணத்தை வில்நொடியில் அளப்பார்கள். ஒரு பாகையில் 3,600 வில்நொடி. ஒரு வானியல் அலகு நீளமுள்ள கோடு, எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் சரியாக ஒரு வில்நொடி அகலமாகத் தெரியுமோ, அந்தத் தூரம் ஒரு பார்செக்.

எண்ணாக எவ்வளவு? கோணத்துக்கு ரேடியன் என்று இன்னோர் அலகு உண்டு; ஒரு ரேடியனில் 2,06,265 வில்நொடி. இவ்வளவு சிறிய கோணத்துக்கு நீளத்தைக் கோணத்தால் வகுத்தாலே தூரம் கிடைத்துவிடும். எனவே ஒரு பார்செக் = 2,06,265 வானியல் அலகு. முறையான வரையறை 6,48,000 வகுத்தல் பை. அதுவும் இதே எண்தான். இதை 63,241-ஆல் வகுத்தால் 3.2616. பார்செக்குக்கும் ஒளியாண்டுக்கும் இடையிலான எண் இதுதான்.

இந்த இடத்தில் புதிதாகக் கற்பவர்கள் ஒரு தப்பு செய்வார்கள். ஜனவரியில் ஒரு படம், ஜூலையில் ஒரு படம் எடுத்து நட்சத்திரம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் கிடைப்பது முழு நகர்வு. அந்த ஆறு மாதத்தில் பூமி சுற்றுப்பாதையின் எதிர்ப்பக்கத்துக்குப் போயிருக்கும், அதாவது அடிக்கோடு 2 வானியல் அலகு. பார்செக்கின் வரையறையில் இருப்பதோ 1 வானியல் அலகு. ஆகவே முழு நகர்வில் பாதியைத்தான் இடமாறு கோணமாக எடுக்க வேண்டும். பாதியாக்க மறந்தால் நட்சத்திரம் இருக்க வேண்டிய தூரத்தில் பாதிக்கு வந்துவிடும். அட்டவணைகளில் அச்சிட்டிருப்பது ஏற்கெனவே பாதியாக்கிய கோணம்; அதை மறுபடி பாதியாக்கிவிடவும் கூடாது.

கணக்கைப் போடும் முறை

மனப்பாடம் செய்ய மூன்று எண்கள் போதும். வானியல் அலகுக்கு 14.96 கோடி கி.மீ. பார்செக்குக்கு 2,06,265 வானியல் அலகு. பார்செக்குக்கு 3.26 ஒளியாண்டு. மற்ற எல்லாம் இவற்றிலிருந்து வரும்.

பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பம் வந்தால் சூத்திரத்தைத் தேட வேண்டாம். பெரிய அலகுக்குப் போனால் எண் சிறிதாக வேண்டும். சிறிய அலகுக்கு வந்தால் எண் பெரிதாக வேண்டும். பார்செக் பெரியது, எனவே பார்செக்கிலிருந்து ஒளியாண்டுக்கு வரும்போது எண் மூன்று மடங்குக்குச் சற்று மேலே போக வேண்டும். விடை குறைந்திருந்தால் வகுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மனக்கணக்குக்கு ஒரு வழி: மூன்றால் பெருக்கி, முதல் எண்ணில் கால்பங்கைக் கூட்டுங்கள். 136 பார்செக் என்றால் 408, அதோடு 34, மொத்தம் 442 ஒளியாண்டு. கால்குலேட்டர் 443.6 சொல்லும். பேச்சுக்கு இது தாராளம்.

அறிவியல் கால்குலேட்டரில் ஒரு பொறி இருக்கிறது. கிலோமீட்டரை ஒளியாண்டாக்க வகுக்கும்போது 9.46, பெருக்கல் குறி, 10, அடுக்கு 12 என்று தனித்தனியாக அழுத்தினால், அது முதலில் 9.46-ஆல் வகுத்துவிட்டு, வந்த விடையை 10¹²-ஆல் பெருக்கிவிடும். விடை 10²⁴ மடங்கு தவறாக வரும். அடுக்குக்கென்று உள்ள தனி பட்டனைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் வகுக்கும் எண் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். எக்செல்லிலும் இதே கதைதான். இன்னொன்று, மீட்டரும் கிலோமீட்டரும்: ஒளியாண்டு கி.மீ.-ல் 9.46 × 10¹², மீட்டரில் 9.46 × 10¹⁵. புத்தகத்தில் மீட்டரில் இருக்கும், கேள்வி கி.மீ.-ல் கேட்கும். ஆயிரம் மடங்குப் பிழைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன. பார்செக் 3.08 × 10¹⁶ மீட்டர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருந்தால், அது 3.0857-ஐ முழுதாக்காமல் வெட்டியது. முழுதாக்கினால் 3.09.

இப்போது ஒரு முழுக் கணக்கு. சுவாதி நட்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். நட்சத்திரங்களின் இடமாறு கோணங்களை அளந்த ஹிப்பார்கஸ் செயற்கைக்கோளின் தரவுகளை 2007-ல் மறுபடி ஆராய்ந்து வெளியிட்ட பட்டியலில் இதன் இடமாறு கோணம் 88.83 மில்லி வில்நொடி, பிழை வரம்பு 0.54. அலகைக் கவனியுங்கள்: மில்லி. பார்செக் வேண்டுமென்றால் 1-ஐ வில்நொடியால் வகுக்க வேண்டும், அல்லது 1,000-ஐ மில்லி வில்நொடியால் வகுக்க வேண்டும். 1,000 ÷ 88.83 = 11.26 பார்செக். மில்லியை மறந்து 1-ஐ 88.83-ஆல் வகுத்தால் 0.0113 பார்செக் வரும், அதாவது 2,300 வானியல் அலகு. அவ்வளவு கிட்டத்தில் சூரியனைத் தவிர வேறு நட்சத்திரம் எதுவும் கிடையாது. மிக அருகிலுள்ள பிராக்சிமாவே 1.30 பார்செக். விடை 1.3 பார்செக்குக்குக் கீழே வந்தால் எங்கோ சறுக்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

11.26-ஐ 3.2616-ஆல் பெருக்கினால் 36.7 ஒளியாண்டு. பிழை வரம்பும் கூடவே மாற வேண்டும். 88.83-ல் 0.54 என்பது 0.6 சதவீதம். தூரத்திலும் அதே 0.6 சதவீதம், அதாவது 0.2 ஒளியாண்டு. ஆக 36.7, கூட்டியோ குறைத்தோ 0.2. கால்குலேட்டர் 36.717 என்று காட்டுவதை அப்படியே எழுதி வைத்தால், அளக்காத இலக்கத்தை அளந்ததாகச் சொல்வதாகிவிடும்.

இந்தச் சதவீதப் பழக்கம் எங்கும் உதவும், ஆனால் பிழை வரம்பு சிறிதாக இருக்கும்வரைதான். கோணம் 0.5 மில்லி வில்நொடி, பிழை 0.25 என்று வையுங்கள். நடு மதிப்பு 2,000 பார்செக். கோணத்தின் ஒரு முனையை எடுத்தால் 1,333 பார்செக், மறுமுனையை எடுத்தால் 4,000. ஒரு பக்கம் 667, மறுபக்கம் 2,000. தலைகீழாக்குவதால் பிழை சமமாக இருக்காது, தொலைவுப் பக்கம் நீண்டுவிடும். ஹிப்பார்கஸைப் போலவே இடமாறு கோணங்களை அளக்க 2013-ல் ஏவப்பட்ட கையா விண்கலத்தின் பட்டியலை இறக்கிப் பார்ப்பவர்கள் எதிர்க்குறியுள்ள இடமாறு கோணங்களைக் கண்டு திகைப்பார்கள். தரவு கெட்டுப்போகவில்லை. கோணம் பூஜ்யத்துக்கு மிக அருகில் இருந்து, அளவீட்டுப் பிழை அதைவிடப் பெரிதாக இருந்தால் அப்படி வரும். அதைத் தலைகீழாக்கினால் எதிர்த் தூரம் வரும், அதற்கு அர்த்தமில்லை. பிழை கோணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் நேரடியாக வகுப்பதைக் கைவிட்டு, புள்ளியியல் முறையில் கணித்து வெளியிட்ட தூரப் பட்டியல்களை நாடுவதே நல்லது.

கணக்கு சரி, அளவுதான் வேறு

திருவாதிரைக்குத் திரும்புவோம். ஹிப்பார்கஸின் முதல் பட்டியல்படி 131 பார்செக், அதாவது 427 ஒளியாண்டு. 2007 பட்டியலில் 152 பார்செக், சுமார் 500 ஒளியாண்டு. ரேடியோ தொலைநோக்கித் தரவைச் சேர்த்து 2017-ல் வெளியான ஆய்வில் 222 பார்செக், 724 ஒளியாண்டு. 2020-ல் 168 பார்செக், 548 ஒளியாண்டு. அதற்கே ஒரு பக்கம் 15, மறுபக்கம் 27 பார்செக் பிழை வரம்பு. ஒவ்வொன்றையும் 3.26-ஆல் பெருக்கிப் பாருங்கள், எல்லாம் சரியாகவே மாற்றப்பட்டவை. சிக்கல் நட்சத்திரத்திலேயே இருக்கிறது. அதன் இடமாறு கோணம் 6 மில்லி வில்நொடி அளவுதான். நட்சத்திரம் வானத்தில் தெரியும் வட்டத்தின் அகலமோ 40 மில்லி வில்நொடிக்கு மேல். மேற்பரப்பில் பிரகாசமான திட்டுகள் நகர்ந்தாலே ஒளியின் மையம் இடம் மாறிவிடும்.

கார்த்திகைக் கூட்டத்திலும் இப்படி ஒரு வழக்கு நடந்தது. ஹிப்பார்கஸ் சுமார் 120 பார்செக் என்றது, மற்ற முறைகள் அதைவிட ஒரு பத்து சதவீதம் அதிகம் என்றன. ரேடியோ அளவீடும் பிறகு கையாவும் 136 பார்செக் பக்கம் தீர்ப்பளித்தன. பழைய பக்கங்களில் 390 ஒளியாண்டு என்றும் புதியவற்றில் 440-க்கு மேல் என்றும் பார்த்தால் காரணம் இதுதான். அலகு மாற்றத்தில் பிழை என்றால் வித்தியாசம் 3.26 மடங்கு, ஆயிரம் மடங்கு, இரண்டு மடங்கு என்று பளிச்சென்று தெரியும். பத்துப் பதினைந்து சதவீத வித்தியாசம் என்றால் அது அளவீட்டின் கதை.

பார்செக்கை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்

கோணத்திலிருந்து பிறந்த அலகு என்பதால் ஒரு சலுகை கிடைக்கிறது. பார்செக்கில் உள்ள தூரத்தை வில்நொடியில் உள்ள அகலத்தால் பெருக்கினால், உண்மையான அகலம் நேராக வானியல் அலகில் வந்துவிடும். இடையில் எந்த மாறிலியும் வேண்டாம்.

திருவாதிரையின் வட்டம் அகச்சிவப்பில் சுமார் 0.042 வில்நொடி. 168 × 0.042 = 7.1 வானியல் அலகு விட்டம், ஆரம் 3.5. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் 1.5 வானியல் அலகில் உள்ள செவ்வாய் உள்ளே போய்விடும், 5.2-ல் உள்ள வியாழன் தப்பிக்கும். தூரம் 222 பார்செக் என்று எடுத்தால் விட்டம் 9.3 ஆகிவிடும்; தூரத்தில் உள்ள சந்தேகம் அப்படியே பருமனுக்கும் தொற்றிக்கொள்கிறது. 2019-ல் படம் வெளியான எம்87 கருந்துளையின் ஒளிவளையம் 42 மைக்ரோ வில்நொடி, தூரம் 16.8 மெகாபார்செக், அதாவது 5.48 கோடி ஒளியாண்டு. மைக்ரோ என்பது பத்து லட்சத்தில் ஒன்று, மெகா என்பது பத்து லட்சம், ஒன்றையொன்று அடித்துவிடும். 42 × 16.8 = 706 வானியல் அலகு. ஒளி ஒரு நாளில் 173 வானியல் அலகு போகும் என்பதால், அந்த வளையத்தைக் குறுக்கே கடக்க ஒளிக்கே நாலு நாள் ஆகும்.

வேகத்துக்கும் ஒரு எண் உண்டு: 4.74. ஆண்டுக்கு ஒரு வானியல் அலகு என்பது நொடிக்கு 4.74 கி.மீ. சுவாதி வானத்தில் ஆண்டுக்கு 2.28 வில்நொடி நகர்கிறது. 2.28 × 11.26 × 4.74 = நொடிக்கு 122 கி.மீ. பார்வைக்குக் குறுக்கே அது ஓடும் வேகம் இது. மறுபக்கமும் போகலாம். வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு சுமார் 17 கி.மீ. போகிறது, 4.74-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 3.6 வானியல் அலகு. பிராக்சிமாவின் தூரம் 2,68,400 வானியல் அலகு. வாயேஜர் அந்தத் திசையில் போகவில்லை, போனால் 75,000 ஆண்டு ஆகும்.

கன அளவுகளில் மட்டும் கவனம் தேவை. சூரியனின் சுற்றுவட்டாரத்தில் ஒரு கன பார்செக்குக்கு சுமார் 0.1 நட்சத்திரம் என்பார்கள். இதைக் கன ஒளியாண்டுக்கு மாற்ற 3.26-ஆல் வகுத்தால் தப்பு. மூன்று தடவை வகுக்க வேண்டும். ஒரு கன பார்செக்கில் 34.7 கன ஒளியாண்டு. விடை சுமார் 0.003.

பால்வழிக்கு வெளியே

பால்வழியின் மையம் நம்மிடமிருந்து 8.2 கிலோபார்செக், சுமார் 26,700 ஒளியாண்டு. ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டு, 3.26-ஆல் வகுத்தால் 767 கிலோபார்செக். இதுவரை பழைய கணக்கே செல்லும்.

பல நூறு கோடி ஒளியாண்டு என்று செய்தி வந்தால் மாற்றுவதற்கு முன் நிறுத்துங்கள். '1,340 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள விண்மீன் மண்டலம்' என்று எழுதுவார்கள். அது பெரும்பாலும் ஒளி பயணித்த காலம், 1,340 கோடி ஆண்டு; அதை அப்படியே தூரமாக்கிவிட்டார்கள். ஒளி வந்துகொண்டிருந்தபோது பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருந்ததால், அந்த மண்டலம் இன்று இருக்கும் தூரம் அதைவிட மிக அதிகம். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. நாம் பார்க்கக்கூடிய எல்லையோ 4,650 கோடி ஒளியாண்டு, அதாவது 14.3 கிகாபார்செக் (கிகா என்பது 100 கோடி). காலத்தை 3.26-ஆல் வகுத்தால் வரும் பார்செக் எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. பிரபஞ்ச விரிவால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்று காட்டும் செம்பெயர்ச்சி மதிப்பைத் தேடிப் பிடித்து, அண்டவியல் கால்குலேட்டரில் கொடுத்து, தூரத்தைப் பார்செக்கிலேயே வாங்கிக்கொள்வதுதான் வழி.

ஆய்வுக் கட்டுரைகளில் மெகாபார்செக்குக்கு முன்னால் 'எச்' என்ற எழுத்து ஒன்று அடுக்கு −1 போட்டு ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. பிரபஞ்சம் விரியும் வீதத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலியை 100-ஆல் வகுத்த மதிப்பு அது. மாறிலியை 70 என்று எடுத்தால் எச் 0.7. அப்போது அப்படி எழுதிய 100 மெகாபார்செக், 0.7-ஆல் வகுத்தபின் 143 மெகாபார்செக். இந்த வகுத்தலை முடித்த பிறகே 3.26-ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 47 கோடி ஒளியாண்டு.